எலும்பை எண்ணியவர்கள்

சென்ற மாதத்தில் ஒரு நாள் நமது தோட்டத்து லயத்தில் மூதாட்டி ஒருவர் குழாயடியில் வழுக்கி விழுந்து, இடுப்பை ஒட்டிய தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தை அவருடைய பேரன் தன் கைத்தொலைபேசியில் பதித்து வந்து, மாலையில் கடைத் திண்ணையில் கூடியிருந்தவர்க்கெல்லாம் காட்டினான். கண்டோர் முதலில் இரங்கினர். பின்னர், நம்மவர் வழக்கப்படி, வாதத்தில் இறங்கினர். மனித உடம்பில் எலும்பு எத்தனை என்பதே வாதம். "இருநூற்றாறு, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருக்கிறது" என்றான் பேரன். "முந்நூறு, தம்பி! நம் பழைய வைத்திய சாஸ்திரத்தில் முந்நூறு என்று எழுதி வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் குறைத்துச் சொன்னால் உன் உடம்பில் குறைந்துவிடுமா?" என்றார் ஒரு பெரியவர். பிறகு இருவரும் நம் பக்கம் திரும்பி, "கிராணி ஐயா, நீங்களே சொல்லுங்கள்" என்றனர்.

ஆங்கிலம் படித்தவர் என்னும் ஒரே காரணத்தால் இத்தகைய வழக்குகளில் நீதிபதியாகும் தண்டனை நமக்கு வாய்த்திருக்கிறது. இருநூற்றாறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்பினோம். வழியில் மனம் உறுத்தியது. பேரன் எண்ணிப் பார்த்தவனல்லன். பெரியவர் எண்ணிப் பார்த்தவரல்லர். தீர்ப்புச் சொன்ன நாமும் எண்ணிப் பார்த்தோமில்லை. அவரவர் புத்தகத்தை அவரவர் நம்பினோம், அவ்வளவே. அப்படியாயின், மெய்யாகவே எண்ணிப் பார்த்தவர் யார்? யாருடைய எலும்பை வைத்து எண்ணினார்? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் படித்தவற்றையே நேயர்கள் முன் வைக்கின்றோம்.

பெரியவர் சொன்ன முந்நூறு, சுசுருதருடைய கணக்கு. வேதம் ஓதுவோர் முந்நூற்றறுபது என்பர், சல்லிய சாஸ்திரத்திலோ முந்நூறே என்று அவர் நூலிலேயே பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. கை கால்களில் 120, நடுவுடலில் 117, கழுத்துக்கு மேல் 63, ஆக 300. இதில் பல் முப்பத்திரண்டும் எலும்பாகவே எண்ணப்பட்டன. மூக்கு, காது முதலிய இடங்களிலுள்ள குருத்தெலும்பும் சேர்க்கப்பட்டது. இக்காலத்தார் பல்லையும் குருத்தையும் எலும்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பெரியவரும் பேரனும் ஒன்றையே எண்ணவில்லை. வேறு வேறு பொருள்களை எண்ணிவிட்டுச் சண்டையிட்டனர்.

ஆனால் நம்மை வியப்பில் ஆழ்த்தியது அந்தத் தொகை அன்று. அதை அடைந்த வழியாகும். சரீரத்தைப் பற்றி ஐயமற அறிய விரும்புகிறவன் பிணத்தைச் சோதித்தே தீரவேண்டும் என்று அந்நூல் விதிக்கின்றது. உறுப்புக் குறையாத, விஷத்தால் சாகாத, நெடுநோயில் கிடக்காத உடலாகத் தேர்ந்து, குடலின் மலத்தை நீக்கி, புல்லாலோ நாராலோ சுற்றி, கூண்டிலிட்டு, ஓடும் நீரில் மறைவான இடத்தில் அழுகவிடவேண்டும். ஏழு இரவு கழிந்தபின் எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் இவற்றாலாகிய தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்த்து, தோல் முதலாக உள்ளுள்ளவற்றைக் கண்ணாற் காணவேண்டும். நூலறிவும் கண்ணறிவும் இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு நிறையும் என்பது அவர் கட்டளை. இதனை எழுதியவருடைய நாட்டில் பிற்காலத்து வைத்தியர்கள் என்ன செய்தனர்? முந்நூறு என்ற தொகையை மனப்பாடம் செய்தனர். கூண்டையும் தூரிகையையும் விட்டுவிட்டனர். பிணத்தைத் தீண்டுதல் தீட்டு என்றாயிற்று. தீண்டியவரும் தீண்டத்தகாதவராயினர்.

இதைச் சொல்லும்போது, இது நம் நாட்டுக்கே உரிய குறை என்று நேயர்கள் கருதவேண்டா. ஐரோப்பாவின் கதை இதைவிட நீண்டது.

கி.பி. 129-இல் பெர்கமம் என்னும் ஊரில் பிறந்த கேலன் என்ற வைத்தியர், வாட்போர் வீரர்களின் காயங்களுக்குச் சிகிச்சை செய்து பெயர் பெற்றவர். பின்னர் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளுக்கு வைத்தியரானார். அக்காலத்து ரோமாபுரியில் மனிதப் பிணத்தை அறுத்துப் பார்க்கும் வழக்கமில்லை. ஆகவே அவர் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து, அவற்றில் கண்டதை மனிதனுக்கும் பொருத்தி எழுதினார். கேலனைக் குறை சொல்வதற்கில்லை. மனித எலும்பைக் காண விரும்புவோர் அலெக்சாந்திரியாவுக்குப் போங்கள் என்று மாணாக்கரைத் தூண்டியவர் அவர். மலைவழியில் கொல்லப்பட்டுக் கிடந்த ஒரு திருடனைப் பறவைகள் தின்று எலும்பாக்கி வைத்ததைத் தாம் நின்று பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். குறை, அவருக்குப் பின் வந்தவர்களுடையது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் அவர் நூலையே வேதமாக ஓதினர். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து கேலனை வாசிப்பார். கீழே அம்பட்டர் ஒருவர் பிணத்தை அறுப்பார். அறுத்த இடத்தில் இருப்பது ஒன்று, வாசிப்பது வேறொன்றாக இருக்கும். (நம் நாட்டிலும் ரணவைத்தியம் அம்பட்டர் கையிலேயே இருந்தது, அவர்களுக்கு மருத்துவர் என்னும் பெயரும் உண்டு. கத்தி பிடித்தவன் எங்கும் கீழே நின்றான் போலும்!)

அந்த நீண்ட உறக்கத்தின் நடுவே ஒருவர் விழித்திருந்தார். பாக்தாது நகரில் 1162-இல் பிறந்த அப்துல் லத்தீப் என்னும் வைத்தியர் எகிப்தில் வாழ்ந்த நாளில், நைல் நதி பெருகாமற்போய் 1200 முதல் 1202 வரை கொடிய பஞ்சம் நேர்ந்தது. செத்தவர்களைப் புதைக்க ஆளில்லை. கெய்ரோவை அடுத்த ஓரிடத்தில் எலும்புகள் மேடாகக் குவிந்து கிடக்கின்றன என்று கேட்டு அவர் அங்கே போனார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு, மோவாயில் அவை பொருந்தியிருக்கின்றன என்பது கேலன் வாக்கு. அப்துல் லத்தீப் ஒரு தாடையைப் பார்த்தார், பொருத்து இல்லை. மற்றொன்றைப் பார்த்தார், இல்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தலைகளைப் பார்த்ததாகவும், பிறரையும் பார்க்கச் சொன்னதாகவும், ஒன்றிலேனும் பொருத்தைக் காணவில்லை என்றும் எழுதி வைத்தார். கேலன் எத்துணைப் பெரியவராயினும் அவரைவிடக் கண்ணே நம்பத்தக்கது என்பது அவர் முடிவு. அந்த முடிவை ஐரோப்பிய ஆசிரியர்கள் அறியாமலே இன்னும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இரண்டு எலும்பு என்று வாசித்துக்கொண்டிருந்தனர். ஒவ்வொருவரும் தம் மோவாயைத் தடவிக்கொண்டே வாசித்திருப்பர்!

கேலன் வாக்குக்கு ஆதாரமே இல்லையென்றும் சொல்ல முடியாது. தாயின் வயிற்றில் கீழ்த்தாடை இரண்டு பாதியாகவே உண்டாகின்றது. பிறந்து முதல் ஆண்டுக்குள் இரண்டும் ஒட்டி ஒன்றாகின்றன. எலும்புக் கணக்கின் தொல்லையே இதுதான். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 270 முதல் 300 வரை எலும்புத் துண்டுகள் இருக்கும். வளர வளர அவை ஒன்றோடொன்று சேரும். முதுகின் அடியிலுள்ள ஐந்து முள்ளெலும்புகள் இருபது வயதைக் கடந்த பின்னரே முற்றிலும் ஒன்றாய் இறுகும். எல்லாம் சேர்ந்து முடிந்தபின் நிற்கும் தொகை 206. அதிலும் சிலருக்குக் கழுத்தில் ஒரு விலா எலும்பு மிகுதியாக இருக்கும். ஆகவே இருநூற்றாறும் மாற்றமில்லாத தொகை அன்று.

இனி 1536-ஆம் ஆண்டுக்கு வருவோம். பெல்ஜியம் நாட்டு லூவேன் நகரத்து மதிலுக்கு வெளியே தூக்குமரங்கள் நின்றன. தூக்கிலிடப்பட்டவர்களை ஊரார் கண்டு அஞ்சும்படி அங்கேயே தொங்கவிடுவது அக்கால வழக்கம். இருபத்தொரு வயதினரான அந்திரேயாஸ் வெசாலியஸ் என்னும் மாணவர், நண்பர் ஒருவருடன் எலும்பு தேடி அவ்வழியே போனார். ஒரு திருடனின் உடல் பறவைகளால் தசை முழுதும் தின்னப்பட்டு, தசைநார் மட்டும் பற்றியிருக்க, முழு எலும்புக்கூடாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெசாலியஸ் மரத்தின்மீது ஏறினார். தொடை எலும்பைப் பிடித்து இழுத்தார், வந்தது. கை கால்களைச் சிறிது சிறிதாக வீட்டுக்குக் கடத்தினார். நடுவுடல் மட்டும் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது. அதற்காக ஒரு நாள் மாலை நகரவாயில் அடைபடும்வரை வெளியிலேயே தங்கி, இருளில் தனியே ஏறி, அதையும் கழற்றி மறைத்து வைத்து, மறுநாள் தொட்டு ஒவ்வொரு துண்டாக உள்ளே கொண்டுவந்தார். நீரிலிட்டுக் கொதிக்கவைத்துத் துலக்கினார். குறைந்திருந்த சில சிறு எலும்புகளை வேறோர் உடலிலிருந்து தேடி எடுத்து முழுக்கூட்டையும் பொருத்தி நிறுத்தினார். கேட்டவர்களுக்கு, பாரிஸிலிருந்து வாங்கி வந்தேன் என்று பொய் சொன்னார். இவற்றையெல்லாம் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

மறு ஆண்டே அவர் இத்தாலியிலுள்ள பாதுவாவில் ஆசிரியரானார். ஆசனத்தை விட்டு இறங்கி, கத்தியைத் தம் கையிலேயே பிடித்தார். 1540-இல் பொலோன்யா நகரில் மனித எலும்புக்கூட்டையும் குரங்கின் எலும்புக்கூட்டையும் அருகருகே நிறுத்தி, கேலன் மனிதனுடையதென்று எழுதிய முதுகெலும்பு முனை குரங்கில் இருப்பதையும் மனிதனில் இல்லாமையையும் மாணாக்கர்க்குக் காட்டினார். 1543-இல் பாசல் நகரில் அச்சான அவருடைய பெருநூலின் முதற்பாகம் முழுவதும் எலும்பைப் பற்றியது. கீழ்த்தாடை ஒன்றே, நெஞ்செலும்பு ஏழு துண்டன்று, மூன்றே துண்டு, கேலன் மனிதனை அன்று, விலங்கை எழுதிவிட்டார் என்று அதில் அஞ்சாமல் நாட்டினார்.

இதற்குப் பெரியோர் சொன்ன மறுமொழியை நேயர்கள் கவனிக்கவேண்டும். பாரிஸில் வெசாலியஸுக்கே பாடம் சொன்ன சில்வியஸ் என்னும் ஆசிரியர், 1551-இல் ஒரு நூல் எழுதித் தம் மாணவரைப் பைத்தியக்காரன் என்று பெயரைத் திரித்து ஏசினார். கண்முன் கிடக்கும் எலும்பு கேலனோடு மாறுபடுகிறதே என்றால், கேலன் தவறவில்லை, அவர் காலத்துக்குப் பின் மனித உடம்பு மாறிவிட்டது என்றார்! புத்தகத்தைத் திருத்துவதைவிட மனித ஜாதியைத் திருத்துவது அவருக்கு எளிதாயிருந்தது. இந்த நியாயத்தை நாம் வேறு பல இடங்களிலும் கேட்டிருக்கிறோம்.

இங்கே எலும்பின் அமைப்பைச் சற்று நோக்குவோம். இருநூற்றாறில் இரண்டு கைத்தலங்களில் மட்டும் 54, இரண்டு பாதங்களில் 52. ஆக, மொத்தத்தில் பாதிக்கு மேல் கையிலும் காலடியிலுமே இருக்கின்றன. நுண்ணிய வேலை எங்கோ, அங்கே துண்டு மிகுதி. தொடை எலும்பு எல்லாவற்றினும் நீளமானது. காதுக்குள்ளிருக்கும் அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ளது. எலும்பில் சுண்ணச்சத்து முதலிய உப்புகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, எஞ்சியது நார்ச்சத்து. இதை வீட்டிலேயே காணலாம். கோழித் துடை எலும்பைச் சில நாள் காடியில் ஊறவைத்தால் சுண்ணம் கரைந்து, எலும்பு வாழை நார் போல் வளையும். மற்றொன்றை நெருப்பிலிட்டுச் சுட்டால் நார் எரிந்து, வடிவம் மட்டும் நின்று, விரல் பட்டவுடன் பொடியும். சுண்ணம் கடினத்தைத் தருகிறது. நார் முறியாமற் காக்கிறது.

எலும்பு உயிரற்ற கழி அன்று என்பது தெரிந்த கதையும் சுவையானது. லண்டனில் பெல்ச்சியர் என்னும் ரணவைத்தியர் 1736-இல் துணிக்குச் சாயம் அச்சிடும் ஒருவர் வீட்டில் விருந்துண்டார். இலையில் வந்த, அல்ல, தட்டில் வந்த பன்றியிறைச்சியின் எலும்பு செக்கச்செவேலென்று இருந்தது. விசாரித்ததில், மஞ்சிட்டி வகை வேரால் சாயமேற்றிய துணியை அலசிய தவிட்டை அந்தப் பன்றிக்குப் போட்டதாகத் தெரிந்தது. நம் சோழமண்டலக் கரையில் சிவப்புச் சாயமேற்றிய சாயவேரும் அதே குடும்பத்துச் செடியே. இந்தியத் துணியைப் பார்த்து அதைப்போல் செய்ய முயன்ற தொழில்தான் அந்த ஆங்கிலேயருடையது. பிரெஞ்சுக்காரரான துய்யாமல் என்பவர் இதைப் பிடித்துக்கொண்டு, விலங்குகளுக்குச் சிறிது காலம் சாயவேரைக் கொடுத்தும் சிறிது காலம் நிறுத்தியும் சோதித்தார். எலும்பில் சிவப்பும் வெள்ளையுமாக வளையங்கள் தோன்றின. அஃதாவது, எலும்பு மரத்தைப்போல் வெளிப்புறத்தில் வளர்கின்றது. உள்ளே பழையது கரைந்து போவதும் பின்னர்த் தெளிவாயிற்று. வளர்ந்த மனிதனின் எலும்பில் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது என்று இன்று கணக்கிடுகின்றனர். சுமக்கச் சுமக்க அது தடிக்கும். சும்மா இருந்தால் மெலியும். விண்வெளியில் பாரமின்றி மிதப்போருக்கு இடுப்பெலும்பின் சத்து மாதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் குறைகின்றது. எலும்பின் உள்ளே உள்ள செம்மச்சையில்தான் இரத்த அணுக்கள் பிறக்கின்றன என்பது 1868-இல் தெரிந்தது. அதுவரை மச்சையை வெறுங்கொழுப்பு என்றே எண்ணினர்.

தொடை எலும்பின் தலையை நெடுக்காக அறுத்தால் உள்ளே மெல்லிய எலும்புக் கம்பிகள் வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். 1866-இல் சூரிச் நகரில் மேயர் என்னும் உடற்கூற்று ஆசிரியர் வைத்திருந்த அத்தகைய துண்டைக் கண்ட குல்மன் என்னும் எஞ்சினியர் திகைத்துப்போனார். கப்பல்துறையில் நிற்கும் பாரந்தூக்கியின் வளைந்த கழுத்தில் பாரம் எவ்வழியே இறங்கும் என்று அவர் வரைந்த கோடுகளும் அந்த எலும்புக் கம்பிகளும் ஒரே போக்கில் இருந்தன. காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளிலேற்றி மலைச்சரிவில் இறங்கிய நம் முன்னோரின் இடுப்பில் அந்தக் கம்பிகள் எவ்வளவு திண்ணமாக இருந்திருக்கும்! வழுக்கி விழுந்த மூதாட்டியும் அவ்வாறு சுமந்தவரே. வயது ஏற ஏற, அதிலும் பெண்களுக்கு, அக்கம்பிகள் மெலிந்து அறுபடுகின்றன. அவர் முறித்துக்கொண்டது அந்தக் கழுத்தையே.

அமைப்பை இம்மட்டில் நிறுத்தி, யாருடைய எலும்பு என்ற கேள்விக்குத் திரும்புவோம். கேலன் கண்டது கொல்லப்பட்ட திருடனை. அப்துல் லத்தீப் கண்டது பஞ்சத்தில் செத்தவரை. வெசாலியஸ் கண்டது தூக்கிலிட்டவனை. 1543-இல் பாசலில் அவர் பொருத்தி நிறுத்திய மற்றொரு கூடு, தண்டிக்கப்பட்டு இறந்த யாகோப் கரர் என்பவனுடையது. அது இன்றும் அந்நகரத்துக் காட்சிசாலையில் நிற்கின்றது. இங்கிலாந்தில் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் உடலை 1752 முதல் வைத்தியர்களுக்குக் கொடுத்தனர். அது போதாமல் கல்லறைகளைத் தோண்டித் திருடினர். 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்னும் இருவர் பதினாறு பேரைக் கொன்று உடலை விற்றனர். பர்க்கைத் தூக்கிலிட்டு, அவன் எலும்பையும் கல்லூரியிலேயே நிறுத்தினர். அதன்பின் 1832-இல் இயற்றிய சட்டம், கொலைகாரரை விட்டுவிட்டு, தர்ம விடுதியில் உரிமை கோருவாரின்றி இறந்த ஏழையின் உடலை எடுத்துக்கொள்ள வழி செய்தது. குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தது வறுமைக்குத் தண்டனையாயிற்று.

இந்தியாவில் 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தர் தீட்டுக்கு அஞ்சாமல் பிணத்தில் கத்தி வைத்தார். சம்ஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர் அவர். ஆகையால் கூண்டையும் தூரிகையையும் பற்றி நூலில் படித்தவர். அவர் செய்ததை நாம் போற்றுகின்றோம். ஆனால் அதே கல்கத்தாவிலிருந்து பிற்காலத்தில் மற்றொரு தொழில் வளர்ந்தது. ஏழைகளின் எலும்பைத் துலக்கி, கம்பியால் கோத்து, பெட்டியில் அடைத்து, உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் ஏற்றுமதி செய்தனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ வைத்தியர்கள் இருநூற்றாறையும் எண்ணிப் பழகியது இந்திய ஏழையின் உடலில்தான். 1985-இல் இந்திய அரசாங்கம் அந்த ஏற்றுமதியைத் தடுத்தது. அதற்கு முன் போனவை இன்னும் பல அலமாரிகளில் இருக்கின்றன.

அறியப்பட்டவன் பெயரோடும் விருப்பத்தோடும் எலும்பைக் காட்டிய நாளும் ஒன்றுண்டு. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 22-இல் ஜெர்மன் நாட்டு ரான்ட்ஜன் தாம் கண்டுபிடித்த கதிரைத் தம் மனைவியின் கையில் பாய்ச்சிப் படமெடுத்தார். விரலெலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. தூக்குமரமும் கல்லறையும் இன்றி, உயிரோடிருப்பவரின் எலும்பைக் காண அன்று வழி பிறந்தது. நம் மூதாட்டியின் படமும் அவ்வழியில் வந்ததே.

நாம் படித்த பள்ளிக்கூடத்தின் சயன்ஸ் அறையில், கண்ணாடி அலமாரியில் ஒரு மண்டையோடு இருந்தது. நெடுநாளைக்கு முன் வாங்கியது என்றார் ஆசிரியர். எந்த ஊரிலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஆசிரியர் இல்லாத வேளையில் அதற்குத் தொப்பி வைத்து விளையாடியிருக்கிறோம். கீழ்த்தாடையைச் சிறிய சுருள்கம்பியால் மாட்டியிருந்தனர். இழுத்துவிட்டால் பல் மோதும் ஓசை கேட்கும். அந்தத் தாடையில் பொருத்து இருந்ததா என்று நாம் பார்த்ததில்லை.